நஞ்சும் நீரும் – 6: ஒரே ஓடையில் ஐந்து மருந்து

கடலுக்குப் போகும் முன் கோஹோ சால்மன் குஞ்சுகள் ஒரு வருடமாவது ஓடையில்தான் வளரும். தண்ணீரில் மிதந்து வரும் பூச்சிகளை எகிறிப் பிடித்துத் தின்று, விரல் நீளத்துக்கு வந்த பிறகுதான் கடல் பயணம். அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன், ஆரிகன், கலிஃபோர்னியா மாநிலங்களில், இந்த ஓடைகள் பல இடங்களில் தோட்டங்களையும் வயல்களையும் ஒட்டியே ஓடுகின்றன. அங்கே அடித்த மருந்து மழையோடு மழையாக ஓடையில் இறங்கிவிடும்.

சியாட்டிலில் உள்ள வடமேற்கு மீன்வள அறிவியல் மையம் மத்திய அரசின் நிறுவனம். அங்கே கேத்தி லேட்ஸ், நதானியேல் ஷோல்ஸ் முதலானோர் அடங்கிய குழு இந்தக் குஞ்சுகளைத் தொட்டியில் விட்டு ஒரு சோதனை செய்தது. முடிவு 2009-ல் வெளியானது. எடுத்துக்கொண்ட மருந்துகள் ஐந்து: டயசினான், மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ், கார்பரில், கார்போஃபியூரான். நம்மூர் விவசாயிக்கும் இவற்றில் பல பழகிய பெயர்கள்தான்.

ஐந்தும் பூச்சியைக் கொல்லும் வழி ஒன்றே. நரம்பு விட்டு நரம்புக்குச் சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை, வேலை முடிந்ததும் துடைத்து எடுக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்துகள் அந்த நொதியை முடக்கிப்போடும். துடைக்க ஆளில்லாததால் சேதி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். பூச்சி துடிதுடித்துச் சாகும். மீனுக்கும் இருப்பது அதே நொதிதான்.

96 மணி நேரம் மருந்துத் தண்ணீரில் வைத்திருந்து, குஞ்சுகளின் மூளையில் அந்த நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார்கள். முதலில் ஒவ்வொரு மருந்தாக, பிறகு ஜோடி ஜோடியாக. ஒரே வழியில் கொல்லும் மருந்துகள் என்பதால் இரண்டின் பாதிப்பையும் கூட்டினால் வருவதே விடையாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. பல ஜோடிகளில் நொதி அந்தக் கணக்கைத் தாண்டி முடங்கியது. டயசினானோடு மாலத்தியான் சேர்ந்தபோதும், குளோர்பைரிஃபாஸோடு மாலத்தியான் சேர்ந்தபோதும் நிலைமை இன்னும் மோசம். தனியாக இருந்தபோது எந்த அளவில் குஞ்சுகள் உயிரோடு நீந்தினவோ, அதே அளவில் சேர்ந்தபோது செத்து மிதந்தன.

இரண்டு கொலைகார ஜோடியிலும் மாலத்தியான் இருப்பது தற்செயல் அல்ல. உடம்புக்குள் நுழையும் மாலத்தியானைப் பெரிய சேதம் செய்வதற்குள் உடைத்துப்போட கார்பாக்சிலெஸ்டரேஸ் என்று வேறொரு நொதி காவலுக்கு நிற்கிறது. மனிதர்களுக்கு மாலத்தியான் அவ்வளவு ஆபத்தில்லை என்று பெயர் வாங்கிக் கொடுத்ததே இந்தக் காவல்தான். டயசினானும் குளோர்பைரிஃபாஸும் உடம்பில் எடுக்கும் மாற்று வடிவங்கள் இந்தக் காவலாளியின் கையைக் கட்டிவிடும். பிறகு மாலத்தியானைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

இதில் விஞ்ஞானிகளுக்கு ஆச்சரியப்பட இடமே இல்லை என்பதுதான் சங்கடம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள், இ.பி.என் என்ற பூச்சிமருந்தோடு மாலத்தியானைச் சேர்த்து எலிகளுக்கும் நாய்களுக்கும் கொடுத்துப் பார்த்து, நஞ்சு பல மடங்கு ஏறுவதை 1957-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். மனிதர்கள் விஷயத்திலும் அது நிரூபணமானது. 1976-ல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக வீடு வீடாக மாலத்தியான் தெளித்த சுமார் 7,500 தொழிலாளிகளில் ஏறத்தாழ 2,800 பேருக்கு நஞ்சேறியது; 5 பேர் இறந்தார்கள். மாலத்தியானுக்குள்ளேயே ஐசோமாலத்தியான் என்ற கசடு உருவாகியிருந்தது. அதுவும் அந்தக் காவலாளியைக் கட்டிப்போடும் சரக்குதான்.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதையில் ஒரு கிளை உண்டு. குளோர்பைரிஃபாஸ் 50 சதவீதமும் சைபர்மெத்ரின் 5 சதவீதமும் கலந்த தயார் கலவை இந்தியக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். பருத்திக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சைபர்மெத்ரினைச் செரித்துவிடும் புழுவின் நொதிகளைக் குளோர்பைரிஃபாஸ் முடக்கிப்போடும் என்பதால், ஒற்றை மருந்துக்கு அசையாத காய்ப்புழுவும் இதற்கு விழும். சேர்ந்தால் வீரியம் கூடும் என்பதுதான் விற்பனைச் சரக்கே. வாய்க்காலில் இருக்கும் மீனுக்கும் அந்த வீரியம் கூடத்தானே செய்யும்? அதிலும் சைபர்மெத்ரின் வகையறாவுக்கு மீன்கள் சட்டென்று பலியாகும் ஜாதி. பூச்சிக்கொல்லியை ‘மருந்து’ என்று அழைக்கும் நம் மொழிப் பழக்கம் இந்த இடத்தில் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டால், கலவை என்றாலே ஒன்றும் ஒன்றும் பதினொன்று என்று தோன்றும். ஆனால் டென்மார்க்கின் நினா செடர்கிரீன் 2014-ல், அதுவரை சோதிக்கப்பட்ட 194 பூச்சிமருந்து ஜோடிகளைத் திரட்டிப் பார்த்தபோது, கூட்டலைத் தெளிவாக மீறியவை 7 சதவீதம்தான். அவற்றிலும் பெரும்பாலானவற்றில், மேலே பார்த்த நரம்பு மருந்துகளோ, அசோல் என்ற பூஞ்சைக்கொல்லிகளோ ஒரு கூட்டாளியாக இருந்தன. வில்லன்கள் யார் யார் என்று ஓரளவு தெரிந்துவிட்டது. மீதி கலவைகள் பள்ளிக்கூடக் கூட்டலுக்கு அடங்குபவை. பத்திரிகைகள் இந்த 7 சதவீதத்தைத்தான் துரத்துகின்றன. ஓடைக்குப் பெரிய தலைவலி அந்த வெறும் கூட்டல்தான்.

எப்படி என்றால், ஒவ்வொரு மருந்துக்கும் சோதனைக்கூடம் ஒரு அளவைக் குறிக்கிறது. சோதனை உயிர்களில் பாதி சாகும் செறிவு அது. ஓடையில் இருக்கும் அளவை அந்த எண்ணால் வகுத்தால் வருவது நச்சு அலகு. ஒரு மருந்தின் அலகு 0.3 என்று வந்தால், பாதி சாகும் அளவுக்கு அது எட்டவில்லை. அதே தண்ணீரில் அதே வழியில் கொல்லும் இன்னொன்று 0.3, மூன்றாவது ஒன்று 0.4 என்றால்? ஒவ்வொன்றின் தாளிலும் ‘பாஸ்’ என்று எழுதியிருக்கும். கூட்டினால் 1. தொட்டியில் பாதி மீன்கள் மல்லாந்து கிடக்கும். இந்தக் கூட்டல் முறையை லோவேயும் முயிஷ்னெக்கும் 1926-லேயே வகுத்தார்கள். வெவ்வேறு வழியில் கொல்லும் நஞ்சுகளுக்கான கணக்கைப் பிளிஸ் 1939-ல் கொடுத்தார். கணிதம் தாத்தா காலத்தது. மருந்துக்கு உரிமம் தரும் அலுவலகங்கள் மட்டும் பல பத்தாண்டுகளாக ஒரு கோப்பில் ஒரு மருந்தை வைத்தே பார்த்துவந்தன.

ஓடையோ கோப்பு பிரித்து ஓடுவதில்லை. அமெரிக்க நிலவியல் அளவைத் துறை பத்தாண்டு எடுத்த தண்ணீர் மாதிரிகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்டது. விவசாயப் பகுதி ஓடைகளில் 90 சதவீதத்துக்கு மேலான நேரம் இரண்டோ அதற்கு மேலோ மருந்துகள் இருந்தன. சுமார் 20 சதவீத நேரம் பத்தோ அதற்கு மேலோ. ஐந்து ஐந்தாக அடுக்கிப் பார்த்தால் 6,000-க்கு மேற்பட்ட வெவ்வேறு கலவைகள். ஒவ்வொன்றையும் தொட்டியில் வைத்துச் சோதிக்க எந்த நாட்டுக்கும் பணமும் கிடையாது, மீனும் கிடையாது. கணக்கை நம்பியே தீர வேண்டும்.

கணக்கு எங்கே வழுக்கும் என்பதற்கு பென்சில்வேனியாவில் ரிக் ரெல்யியா வைத்த தொட்டிகள் நல்ல சாட்சி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், திறந்தவெளியில் குளம் போலவே பாசியும் நுண்ணுயிர்களும் தலைப்பிரட்டைகளும் உள்ள தொட்டிகளை அமைத்து, ஐந்து பூச்சிக்கொல்லிகளும் ஐந்து களைக்கொல்லிகளும் மிகக் குறைந்த அளவில் கலந்தார். 2009-ல் வந்த முடிவு இது: பத்தும் கலந்த தொட்டியில் சிறுத்தைத் தவளையின் தலைப்பிரட்டைகள் 99 சதவீதம் செத்தன. கலவையின் கொடுமை என்று தலைப்புப் போடலாமா? அவசரப்பட வேண்டாம். எண்டோசல்ஃபான் மட்டும் இருந்த தொட்டியிலும் 84 சதவீதம் செத்திருந்தன. பெரும்பழி ஒரே ஆளின் மேல்தான். காசர்கோடு முந்திரித் தோட்டங்களின் வழியாக நமக்குத் தெரிந்த அதே எண்டோசல்ஃபான். அதே தொட்டிகளில் சாம்பல் மரத்தவளையின் குஞ்சுகளோ கொழுத்து வளர்ந்தன. சாப்பாட்டுக்குப் போட்டி போட்ட பங்காளிகள் செத்துப்போயிருந்தார்களே. ஒரு மருந்து ஓர் உயிரை எடுத்து இன்னொன்றுக்கு விருந்து வைக்கும் இந்தச் சமாச்சாரத்தை நச்சு அலகால் எழுதவே முடியாது.

சால்மன் கதை நீதிமன்றத்துக்கும் போனது. அருகிவரும் உயிரினங்களுக்கான அமெரிக்கச் சட்டப்படி, மருந்துக்கு உரிமம் கொடுக்கும் சுற்றுச்சூழல் முகமை, மீன்வளத் துறையைக் கலந்தாலோசிக்க வேண்டும். மீன்வளத் துறை 2008 நவம்பரில் தன் கருத்தைக் கொடுத்தது: குளோர்பைரிஃபாஸ், டயசினான், மாலத்தியான் ஆகிய மூன்றால், பாதுகாப்புப் பட்டியலில் உள்ள 28 சால்மன் இனக்கூட்டங்களில் 27-க்கு ஆபத்து. மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கருத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில், இரண்டு துறைகளும் எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்று தேசிய ஆய்வு மன்றக் குழு ஓர் அறிக்கை தந்தது. கலவை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வகை இருப்பதை அது எடுத்துக் காட்டியது. கம்பெனி டப்பாவிலேயே கலந்து வருவது ஒன்று. விவசாயி தெளிப்பான் டேங்கில் தானாகக் கலப்பது இன்னொன்று. யாரும் கலக்காமல் ஓடையில் தானே கலந்துகொள்வது மூன்றாவது.

முதல் இரண்டுக்காவது கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் உண்டு. மூன்றாவதற்கு 2005 கோடையில் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரம் ஓர் உதாரணம் கொடுத்தது. வெஸ்ட் நைல் காய்ச்சல் பரவியதால் நகரத்தின் மேல் விமானத்தில் கொசுமருந்து தெளித்தார்கள். பைரித்ரின், அதோடு அதற்கு வீரியம் ஏற்றும் பைபரோனைல் பியூடாக்சைடு. தெளித்த பைரித்ரினால் ஓடை உயிர்களுக்குச் சேதம் தெரியவில்லை. டொனால்ட் வெஸ்டன் குழு ஓடைச் சேற்றை எடுத்து, அதில் ஹயலெல்லா என்ற அரிசிமணி அளவுள்ள இறால் ஜாதி உயிரை விட்டுப் பார்த்தது. தண்ணீரில் லிட்டருக்கு 2 முதல் 4 மைக்ரோகிராம் வரை இருந்த பியூடாக்சைடு, சேற்றில் ஏற்கெனவே படிந்திருந்த வேறு மருந்துகளின் நஞ்சைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்கியிருந்தது. அந்தச் சேற்று மருந்துகள், குடியிருப்புவாசிகள் எறும்புக்கும் கரப்பானுக்கும் வெவ்வேறு நாட்களில் அடித்து, மழையில் கழுவி வந்தவை.

(தொடரும்)