காரைச் சுறவம்

பழவேற்காட்டுக்குத் தெற்கே, உப்பங்கழிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல் நிலத்தில் உள்ளது காட்டுப்பள்ளி. அப்பக்கத்து மீனவர் சுறாவை நன்கு அறிவர். நம் முன்னோரும் அறிந்திருந்தனர். நெய்தல் நிலத்தார் சுறவின் கோட்டை நட்டு வழிபட்ட செய்தி பட்டினப்பாலையில் வருகின்றது.

ஆயின், கடலினின்று நெடுந்தொலைவு விலகிய பெரம்பலூர் மாவட்டத்து மேட்டு நிலத்திலும் சுறா வாழ்ந்தது என்றால் வியப்பன்றோ? அங்குள்ள காரை என்னும் ஊரையொட்டி, மழைநீர் அரித்த களிமண் மேடுகளிற் சுறாப் பற்கள் கிடைத்துள்ளன. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகட்கு முன்னர் அந்நிலம் கடலடியாய் இருந்தது.

பற்கள் மட்டும் எஞ்சியது ஏன்? மாணவர்களே, உங்கள் காதுமடலைத் தொட்டுப் பாருங்கள். வளைந்து கொடுக்கும் அத்தகைய குருத்தெலும்பாலேயே சுறவின் உடற்கூடு அமைந்துள்ளது. அஃது எளிதில் மட்கிவிடும். பல்லோ மிக வலிது. மேலும், ஒரு பல் விழுந்தவுடன் பின்வரிசைப் பல் முன்வந்து நிற்கும். இவ்வாறு ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கின்றது.

காரைப் பற்களை ஆய்ந்த அறிஞர், அவற்றுட் சில அதுவரை அறியப்படாத ஒரு சுறவினுடையவை எனக் கண்டு, 2011-ஆம் ஆண்டில் அதற்கு 'துவார்டியசு சுடிண்டிகசு' எனப் பெயரிட்டனர். நம் நாவிற்குச் சற்றே கரடுமுரடான பெயர்தான்; எனினும் அதன் பிற்பாதி தென்னிந்தியாவையே குறிக்கின்றது. இச்சுறவம் சேர்ந்த 'கார்டாபியோடான்டிடே' குடும்பம் முற்றும் அழிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு அருகே கிடைத்த முள்ளெலும்பு வட்டுக்களை ஆராய்ந்தோர், அக்குடும்பத்துச் சுறா எட்டு மீட்டர் வரை வளர்ந்திருக்கலாம் என 2025-இல் எழுதினர்.

நிற்க. உடலைக் காணாமல் நீளத்தைக் கணிப்பது எங்ஙனம்? இன்றுள்ள சுறாக்களின் பல்லையும் முள்ளெலும்பையும் உடலோடு ஒப்பிட்டே கணிக்கின்றனர். ஒப்பிடும் சுறா மாறினால் விடையும் மாறும். ஒடிசாவின் பாரிபதாவிலும் பற்களை விட்டுச்சென்ற மெகலோடான், வேறொரு குடும்பத்தது. ஏறத்தாழ 36 இலட்சம் ஆண்டுகட்கு முன் அழிந்தது. அதன் நீளத்தைப் பதினைந்து மீட்டர் என்றனர் சிலர். இருபத்து நான்கு மீட்டர் எட்டியிருக்கலாம் என்றது 2025-ஆம் ஆண்டு ஆய்வு. வளர்ந்தது சுறா அன்று, நம் கணக்கே!

காலத்தைக் காட்டுவது பல் அன்று. அது கிடந்த மண்ணடுக்கும், உடன்கிடந்த சிப்பி முதலியவையுமே. காரையில் ஒரு பல்லைக் கண்டெடுப்பவர் இடத்தைக் குறித்துக்கொள்ளாது பையில் இட்டுக்கொண்டால், அப்பல் தன் காலத்தை இழந்துவிடுகின்றது.