கடனிலிருந்து தொடங்கட்டும் பணப் பாடம்!

பிளஸ் டூ தேர்வு எழுதும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதினேழு வயது. கல்லூரியில் முதல் ஆண்டு முடிவதற்குள் பதினெட்டு நிறைந்துவிடுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பதினெட்டு நிறையாதவர் கடன் பத்திரத்தில் போடும் கையெழுத்து செல்லாது. நிறைந்த அன்றே அது செல்லும். ஓட்டுப் போடும் உரிமையும் அதே வயதில்தான் வருகிறது. அதைப் பற்றிக் குடிமையியல் பாடத்தில் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு வருகிறார்கள். கடன் வாங்கும் உரிமையைப் பற்றி யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. ஆனால், அன்று மாலையே கைப்பேசி அவர்களைக் கடனுக்குக் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறது.

தனிநபர் நிதியை மேல்நிலை வகுப்புகளில் விருப்பப் பாடமாக வைக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது பல பக்கமும் கேட்கிறது. மத்திய பாடத்திட்டத்தில் நிதிச் சந்தை பற்றிய திறன் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்திலும் பணத்தைப் பற்றித் தனிப்பாடம் வர வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கவலையெல்லாம் அந்தப் பாடத்தின் முதல் அத்தியாயம் என்னவாக இருக்கப்போகிறது என்பதில்தான். இதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சேமிப்பில் தொடங்கி, மியூச்சுவல் ஃபண்டுக்குத் தாவி, பங்குச் சந்தையில் முடிக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர் பலருடைய வாழ்க்கையில் முதலில் வந்து நிற்பது முதலீடு அல்ல, கடன்.

வட்டிக் கணக்கு நம் பிள்ளைகளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஏழாம் வகுப்பில் தனிவட்டி, எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டி. அசலையும் ஆண்டையும் வட்டி வீதத்தையும் பெருக்கி நூறால் வகுக்கச் சொன்னால் வகுத்துவிடுவார்கள். பாடப்புத்தகக் கணக்கில் வட்டி வீதத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கடைத்தெருவில் அது கிடைப்பதில்லை. அங்கே சொல்வது மாதத் தவணையை மட்டும்தான். பைக் வாங்கப் போகிறவரும் “மாசம் எவ்வளவு கட்டணும்?” என்றுதான் கேட்கிறார்.

ஒரு லட்ச ரூபாய் கடன், மூன்று ஆண்டு, வட்டி 12 சதவீதம் ‘ஃப்ளாட்’ என்று சொல்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி. அசலோடு சேர்த்து 36 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 3,778 ரூபாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். கடைசி வருடத்தில் கையில் இருக்கும் கடன் மிகக் குறைவு. வட்டி மட்டும் முதல் நாளின் முழு லட்சத்துக்கே வசூலாகிறது. குறைந்துவரும் பாக்கியின் மீது கணக்கிட்டால் அந்த 12 சதவீதம் ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்த ஒரு கணக்கைப் பிளஸ் ஒன் மாணவருக்கு ஒரு வகுப்பு நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்ற பெயரில் செல்போன் விற்கிறார்களே, அதற்கும் ஒரு வகுப்பு ஒதுக்கலாம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. மொத்தமாகப் பணம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் வாங்குபவருக்குக் கிடைக்காமல் போகலாம். அல்லது வட்டி, செயலாக்கக் கட்டணமாகவும் அதன் மேல் ஜிஎஸ்டியாகவும் வந்து சேரலாம். எந்த வழியாக வந்தாலும் அதைக் கொடுப்பவர் வாங்குபவர்தான்.

தண்டல் எப்படி நடக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் விளக்கத் தேவையில்லை. 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த வட்டி ஏறத்தாழ 120 சதவீதம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே இவற்றைத் தடுக்க 2003-ல் மாநிலம் சட்டம் கொண்டுவந்தது.

இப்போது அதே முறை கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. சட்டவிரோதக் கடன் ஆப்கள் 5,000 ரூபாய் கடன் என்று சொல்லி, 1,500 ரூபாயைக் கட்டணமாகக் கழித்துக்கொண்டு 3,500 ரூபாய் அனுப்புகின்றன. ஏழாம் நாள் முழுசாக 5,000 ரூபாய் திருப்பித் தர வேண்டும். ஒரே வாரத்தில் 43 சதவீதம். தண்டல்காரருக்கு வீட்டு வாசல்தான் தெரியும். ஆப்புக்குக் கைப்பேசியில் உள்ள அத்தனை எண்களும் படங்களும் தெரியும். தவணை தவறினால் தோழிக்கும் அத்தைக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் அழைப்பு போகும். முகத்தை வெட்டி வேறு படத்தில் ஒட்டி அனுப்பிவிடுவோம் என்று மிரட்டுவார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு ஆப், அதை அடைக்க மூன்றாவது. வீட்டில் சொல்லப் பயந்து உயிரை விட்டவர்களின் செய்திகள் நாளிதழ்களில் வந்தபடியே இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம், இந்தப் பிள்ளைக்கு நாலு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

அந்த நாலு விஷயமும் ரகசியமில்லை. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் கடன் நெறிமுறைகளிலேயே முக்கியமானவை வந்துவிட்டன. கடன் கொடுக்கும் ஆப், கைப்பேசியின் தொடர்பு எண்களையோ படங்களையோ தொடக் கூடாது. கட்டணம், வட்டி எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டு சதவீத விகிதத்தை முக்கிய விவரப் பத்திரத்தில் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். கடன் வாங்கியபின் மனம் மாறினால், குறிப்பிட்ட அவகாசத்துக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி அபராதமின்றி வெளியேறலாம். வசூல் முகவர் காலை எட்டு மணிக்கு முன்போ, இரவு ஏழு மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. முறைப்படி இயங்கும் கடன் ஆப்களின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு ஆப்பை இறக்கும் பழக்கம் ஒரு மாணவருக்கு வந்தாலே போதும், பாதி ஆபத்து விலகிவிடும்.

இதைவிட என்னைக் கலங்க வைப்பது வங்கிக் கணக்கு வாடகை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆக, அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழையும்போதே சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது. அதை ஒருவர் கேட்டு வருவார். பெரும்பாலும் தெரிந்த அண்ணனாகவோ சீனியராகவோ இருப்பார். “அக்கவுண்ட்டைக் குடுப்பா, ஏடிஎம் கார்டும் சிம்மும் ஒரு மாசம் எங்கிட்ட இருக்கட்டும், அஞ்சாயிரம் தர்றேன்.” மாணவர் பணம் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. தன் பாஸ்புக் சும்மாதானே கிடக்கிறது என்று நினைக்கிறார். எங்கோ ஒரு முதியவர் ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டப்பட்டு இழக்கும் சேமிப்பு அந்தக் கணக்கில் விழுந்து, சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குச் சிதறிவிடுகிறது. காவல் துறை விசாரணையில் முதலில் வரும் பெயர் கணக்கு வைத்திருப்பவருடையது. கணக்கு முடக்கப்படும், உதவித்தொகையும் அதற்குள்ளேயே நின்றுவிடும், வழக்கும் வரும். நண்பனின் பைக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும் கதையும் இதே ரகம். கடன் வாங்கியவருக்கு உள்ள முழுப் பொறுப்பும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு என்று ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு சொல்கிறது. “சும்மா ஒரு கையெழுத்துதானே” என்று கேட்கும் நண்பன் அதைச் சொல்வதில்லை.

பங்குச் சந்தையைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு ஒன்று போதும். அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, விருப்ப ஒப்பந்த வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். 2023-24-ல் அப்படி இறங்கியவர்களில் 43 சதவீதத்தினர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். பாடத்தின் பின்பகுதியில் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதன் பிறகு சந்தையைப் பற்றிப் பேசலாம்.

படிக்கிற வயதில் பணத்தைப் பற்றி ஏன் யோசிக்க வைக்க வேண்டும், பாடச்சுமை கூடும், வீட்டில் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால், நாடு தழுவி நடத்தப்பட்டு 2019-ல் முடிந்த ஆய்வில், பெரியவர்களிலேயே 27 சதவீதத்தினருக்குத்தான் போதிய நிதி அறிவு இருந்தது. வீடுகளில் அனுபவம் நிறைய இருக்கிறது. நகையை எந்த மாதம் அடகு வைத்து எந்த மாதம் திருப்ப வேண்டும், ஏலச்சீட்டை எத்தனையாவது மாதம் எடுத்தால் தள்ளு குறையும் என்பதெல்லாம் நம் அம்மாக்களுக்கு அத்துப்படி. குழு லோன் தவணை நாளில் வீட்டில் பேச்சு ஏன் குறைகிறது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த அனுபவத்தோடு கணக்கைச் சேர்த்துவைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த இடத்தில்தான் பள்ளி வர வேண்டும்.

இது பலன் தருமா என்பதற்கு வெளியூர் அனுபவம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா, ஐடஹோ, டெக்சாஸ் மாநிலங்கள் உயர்நிலைப் பள்ளியில் தனிநபர் நிதியைக் கட்டாயமாக்கியபின், அங்கே படித்து வந்த இளைஞர்களின் கிரெடிட் ஸ்கோர் உயர்ந்ததையும் தவணை தவறுவது குறைந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கட்டாயமாக்கியபின் என்பதைக் கவனிக்க வேண்டும். விருப்பப் பாடம் என்று வைத்தால் இங்கே வணிகவியல் பிரிவுப் பிள்ளைகள் எடுப்பார்கள். ஏற்கெனவே கணக்குப்பதிவியலில் பற்றும் வரவும் படிப்பவர்கள் அவர்கள். நீட்டுக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் அறிவியல் பிரிவு இதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

எல்லாப் பிரிவுக்கும் இதைக் கொண்டுபோக இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. 2017-18-ல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025-26 முதல் கைவிடப்பட்டுவிட்டது. பிளஸ் ஒன் ஆண்டில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. முழுப் பாடமாக எடுக்க விரும்புகிறவர்களுக்கு விருப்பப் பாடம் இருக்கட்டும். அதன் கடன் பகுதியை மட்டும் பிளஸ் ஒன்னில் எல்லாப் பிரிவுக்கும் வாரம் இரண்டு பீரியட் வைக்கலாம். மதிப்பெண்ணுக்கான தேர்வு வேண்டாம். ஒரு கடன் விளம்பரத்தையும் அதன் விவரப் பத்திரத்தையும் கையில் கொடுத்து, உண்மையான வட்டி எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். நடத்துவதற்கு வணிகவியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் பள்ளியிலேயே இருக்கிறார்கள். கடனோ காப்பீடோ பங்கோ விற்கிறவர்களை இலவச வகுப்பு என்ற பெயரில் உள்ளே விடக் கூடாது. புத்தகமும் அவர்கள் அச்சிட்டுத் தருவதாக இருக்கக் கூடாது.

எல்லாப் பள்ளிகளிலும் ஒரே ஆண்டில் முடியாது என்றால் தொழிற்கல்விப் பிரிவில் தொடங்கலாம். பிளஸ் டூ முடித்ததும் கல்லூரிக்குப் போகாமல் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே அதிகம். முதல் சம்பளமும் முதல் பைக்கும் தவணையில் வாங்கும் முதல் செல்போனும் மற்றவர்களுக்கு முன்பே அவர்களுக்கு வந்துவிடுகின்றன. பிளஸ் ஒன் அரையாண்டு விடுமுறைக்கு முன் கடன் பகுதி முழுவதும் முடிந்துவிட வேண்டும். சேமிப்பும் காப்பீடும் பங்குச் சந்தையும் ஜனவரிக்கு மேல் வரட்டும்.