நாதஸ்வரக் காதுக்கு ஜாஸ்

"ஜாஸ் கேக்கணும்னு ஆசை. எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கிறது?" இந்தக் கேள்விக்கு இணையம் முழுக்க ஒரே பதில்தான்: மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. நல்ல பதில்தான். ஆனா எப்படிக் கேக்கணும்னு யாரும் சொல்றதில்ல. அதனால என்ன ஆகுதுன்னா, வேலை பாத்துக்கிட்டே பின்னணியில ஓட விடுறாங்க, ரெண்டு பாட்டு முடிஞ்சதும் "நல்லாத்தான் இருக்கு, ஸ்டார் ஹோட்டல் லாபி மாதிரி"ன்னு சொல்லிட்டு மூடிடுறாங்க. அதோட ஜாஸ் முடிஞ்சது.

ஜாஸ் புரியணும்னா முதலில் மேற்கத்திய இசை தெரிஞ்சிருக்கணும், கார்டு ஹார்மனி படிச்சிருக்கணும் என்ற பயம் பலருக்கு இருக்கு. ஜாஸின் ஒரு பகுதிக்கு அது உண்மை. ஆனால் 1959-லிருந்து ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு வருஷத்து ஆல்பங்களில் சிலவற்றுக்கு நம்ம ஊர்க் காது ஏற்கெனவே தயாரா இருக்கு. எங்க சிவகிரிப் பக்கம் கோயில் கொடையிலும் கல்யாணத்திலும் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த யாரையும் கேளுங்க. பாட்டு எது, பாட்டை விட்டு வெளியே போய் வாசிக்கிறது எது, திரும்பி வந்து சேர்ற இடம் எதுன்னு ராகத்தின் பேர் தெரியாமலே சொல்லிடுவாங்க. ஜாஸ் கேக்க முதலில் வேண்டிய திறமை அதுதான்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'விலேயே தொடங்குவோம். 1959 மார்ச்சிலும் ஏப்ரலிலும் நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் ஸ்டூடியோவில், மொத்தம் இரண்டே நாளில் பதிவானது. முதல் பாட்டு 'சோ வாட்', ஒன்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. இதை ஃபோன் ஸ்பீக்கரில் கேக்காதீங்க. இந்தப் பாட்டின் பல்லவியை வாசிப்பது பேஸ். பால் சேம்பர்ஸ் வாசிக்கிறார். சின்ன ஸ்பீக்கரில் அது காதிலேயே விழாது, பதில் சொல்லும் இரண்டு அடி மட்டும்தான் கேக்கும். கேள்வி இல்லாம பதில் மட்டும் கேட்டா லாபி இசை மாதிரித்தான் இருக்கும்.

முன்னுரை அரை நிமிஷம் ஓடும். பேஸ் பல்லவியை எடுத்ததும் கையில் ஆதி தாளம் போட ஆரம்பிங்க. பாட்டின் ஒரு சுற்று 32 பார், பாருக்கு நாலு அடி, ஆக 128 அடி. நம்ம கணக்கில் ஆதி தாளம் 16 ஆவர்த்தனம். முதல் எட்டு ஆவர்த்தனமும் டி என்ற சுருதியில், அதாவது இரண்டு கட்டையில். ஸ்வரங்கள் மேற்கத்தியர் டோரியன் என்று சொல்லும் வரிசை. நம்ம கரகரப்பிரியாவின் ஏழு ஸ்வரங்களும் அப்படியே. ஒன்பதாவது ஆவர்த்தனத்தில் ஒரு விஷயம் நடக்கும். அதே ஸ்வர வரிசை, ஆனால் சுருதி இரண்டரைக் கட்டைக்கு ஏறிடும். நாலு ஆவர்த்தனம் அங்கே நின்னுட்டு, பதின்மூன்றாவதில் பழையபடி இரண்டு கட்டைக்கு இறங்கும். ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிஷம். பிறகு இதே சட்டத்துக்குள்ள டிரம்பெட்டில் மைல்ஸ் இரண்டு சுற்று, டெனர் சாக்ஸில் ஜான் கோல்ட்ரேன் இரண்டு, ஆல்டோ சாக்ஸில் கேனன்பால் ஆடர்லி இரண்டு, பியானோவில் பில் எவன்ஸ் ஒரு சுற்று.

நம்ம கச்சேரியில் பாட்டு நடுவில் யாராவது அரைக் கட்டை ஏத்தினா தம்பூராக்காரர் எழுந்து போயிடுவார். இங்கே அந்த ஏற்றம்தான் விளையாட்டே. தாளம் போட்டுக்கிட்டு இரண்டு மூணு தடவை கேட்டா, சுருதி ஏறப்போகுதுன்னு உங்க காது முன்னாடியே எதிர்பார்க்க ஆரம்பிச்சிடும். எதிர்பார்ப்பு வந்துட்டா பின்னணி இசை முன்னுக்கு வந்திடும்.

ஒரு எச்சரிக்கை. "மைல்ஸ் டேவிஸ் கரகரப்பிரியா வாசிச்சார்"னு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினா நம்பாதீங்க. ஸ்வரங்கள் ஒண்ணுதான், ராகம் ஒண்ணில்ல. கமகம் இல்லாத கரகரப்பிரியா, எலும்புக்கூடு மட்டும்தான். சினிமாப் பாட்டில் சாக்ஸபோன் வந்தா உடனே ஜாஸ்னு சொல்றதும் இதே ரகம். நான் சொல்ற ஒப்புமை உள்ளே நுழையுறதுக்கான வாசல். அங்கேயே பாய் விரிச்சுப் படுத்துடக்கூடாது.

அடுத்தது கோல்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்'. 1960 அக்டோபரில் பதிவு, 1961-ல் வெளியீடு. இந்தத் தலைப்புப் பாட்டு அவர் இயற்றியதில்லை. 1959-ல் மேடையேறிய 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசை நாடகத்தில் வரும் சாதாரணப் பாட்டு. படமாக வந்து உலகமெல்லாம் ஓடினது பிறகுதான், 1965-ல். எல்லாருக்கும் தெரிஞ்ச மெட்டை எடுத்து அடையாளம் காட்டிட்டு, அப்புறம் பதிமூணு நிமிஷத்துக்கு மேல் அதை வச்சுக்கிட்டு எங்கெங்கோ போறார். நம்ம பக்கத்து நையாண்டி மேளக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கரகாட்டத்துக்கு சினிமாப் பாட்டை எடுத்து, முதல் நாலு வரி ஒழுங்கா வாசிச்சு, பிறகு கூட்டத்தின் முகத்தைப் பார்த்து இழுத்துக்கிட்டே போறது அவங்க தினசரித் தொழில்.

இதில் கோல்ட்ரேன் வாசிப்பது சோப்ரானோ சாக்ஸபோன். வளைவு இல்லாம நேரா, கீழே போகப்போக விரியும் குழாய். சீவாளி மாதிரி இரட்டை நாக்கு இல்லை, ஒற்றை நாக்குதான். ஆனா குரலில் அந்த மூக்கால் பேசும் தன்மை, திறந்த வெளியில் தூரத்துக்குக் கேக்கிற கூர்மை எல்லாம் இருக்கும். தாளம் மூணு அடிச் சுற்று. பியானோவில் மெக்காய் டைனர் ஒரே கார்டுகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பது கிட்டத்தட்ட ஒத்து ஊதுவது போல. 'சோ வாட்'டில் ஸ்வர வரிசை நிக்கும், சுருதி நகரும். இங்கே தலைகீழ்: சுருதி மூணு கட்டையிலேயே நிக்கும், அதன்மேல் மைனரும் மேஜரும் மாறி மாறி வரும். நமக்கு இது இன்னும் சுலபம். உண்மையில் நான் யாருக்காவது ஒரே ஒரு பாட்டு சொல்லணும்னா இதைத்தான் சொல்வேன்.

'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பர் 9 அன்று ஒரே அமர்வில் பதிவானது. நாலு பகுதி, முக்கால் மணி நேரம்கூட இல்லை. இதில் இரண்டு விஷயத்தை மட்டும் கவனிங்க. ஒண்ணு, டிரம்ஸ் வாசிக்கும் எல்வின் ஜோன்ஸ். தாளத்தைக் காப்பாத்துற வேலையோட அவர் நிறுத்திக்கிறதில்ல. தவில்காரர் நாதஸ்வரத்தோட மல்லுக்கு நிக்கிற மாதிரி, கோல்ட்ரேன் சொல்ற ஒவ்வொண்ணுக்கும் பதில் வச்சிருப்பார். இரண்டாவது, கடைசிப் பகுதியான 'சாம்'. கோல்ட்ரேன் எழுதிய ஒரு பிரார்த்தனைக் கவிதை ஆல்பத்தின் உறையில் அச்சாகியிருக்கு. அந்தக் கவிதையைச் சொல் சொல்லாக, அசை அசையாக சாக்ஸபோனில் வாசிச்சிருக்கார். உறையைக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டா கூடவே படிச்சுக்கிட்டுப் போகலாம். நாதஸ்வரத்தில் சாகித்யம் தெரிய வாசிப்பதை நாம் பெரிய குணமாகச் சொல்வோம் இல்லையா, அந்த வித்தை. காருகுறிச்சி அருணாசலம் 1962-ல் 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலுக்கு ஈடுகொடுத்து வாசிச்சதைக் கேட்டுப் பழகின காதுக்கு 'சாம்' அந்நியமா இருக்காது.

இனி எனக்குப் பிடிச்ச இடம். 'ஜர்னி இன் சச்சிதானந்தா', ஆலிஸ் கோல்ட்ரேன், 1971. ஜான் 1967 ஜூலையில் இறந்துட்டார். அவர் ஆர்டர் கொடுத்திருந்த ஹார்ப் அவர் போன பிறகுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நாலு குழந்தைகளோட தனியா நின்ன ஆலிஸ், அந்த ஹார்ப்பை வாசிக்கக் கத்துக்கிட்டார். அந்த இருட்டான வருஷங்களில் அவருக்குக் கிடைத்த வழிகாட்டிதான் ஆல்பத்தின் பெயரில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தா. 1914-ல் கோவை பக்கம் செட்டிப்பாளையத்தில் ராமசாமியாகப் பிறந்தவர். 1969-ல் வுட்ஸ்டாக் விழாவில் மேடையேறி லட்சக்கணக்கான கூட்டத்துக்கு முன் தொடக்க உரை சொன்னவர். அவருக்கு சந்நியாசம் கொடுத்த குரு ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தர், நம்ம பத்தமடைக்காரர். பத்தமடை, காருகுறிச்சி இரண்டுமே சேரன்மகாதேவிக்குப் பக்கம். நியூயார்க் ஜாஸின் மிக ஆழமான ஆல்பங்களில் ஒண்ணு, இப்படிச் சுத்தித் தாமிரபரணிக் கரைக்கு வந்து சேருது.

ஆனால் இந்தத் தொடர்புக்காகக் கேக்க வேண்டாம். இசைக்காகக் கேளுங்க. முதல் பாட்டு தம்பூராவோட ஆரம்பிக்கும். அதன்மேல் செசில் மெக்பீயின் பேஸ் ஒரு சின்ன வாக்கியத்தை எடுத்து விடாம சுத்தும். எங்க தொழில் பாஷையில் சொன்னா லூப், ஆனா ஒவ்வொரு சுத்தும் கொஞ்சம் வேற. அப்புறம் ஹார்ப் தண்ணி மாதிரி வந்து விழும். ஃபேரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸ் நிதானமா, ஆலாபனை தொடங்குற மாதிரி வரும். கரு அளவில் இது பக்தி இசை, வெளிவேஷம் இல்லாத பக்தி. 'ஸ்டாப்ஓவர் பாம்பே' என்ற மூணு நிமிஷப் பாட்டும் உண்டு. 1970 டிசம்பரில் சுவாமியோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போகவிருந்த பயணத்தைக் குறிக்கும் தலைப்பு அது.

இந்த நாலும் பழகிட்டா அடுத்த சுற்று. சார்லஸ் மிங்கஸின் 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி', 1963. அதில் ஆல்டோ சாக்ஸ் கதறுவதை வாசித்தவர் சார்லி மரியானோ. பின்னாளில் அவர் நிஜமாகவே நாதஸ்வரம் கத்துக்கிட்டு வாசிச்சவர். பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோட, ஆர்.ஏ. ராமமணி பாட, 1983-ல் அவர் செய்த 'ஜோதி' அமைதியான ஆல்பம். எதிர்த் திசையிலிருந்து வந்தவர் கத்ரி கோபால்நாத். 'டூயட்' படத்தில் நாம் கேட்ட சாக்ஸபோன் அவருடையது. அப்பா நாதஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதைப் பிடிச்சுக்கிட்டார். அவரும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்த 'கின்ஸ்மென்' 2008-ல் வந்தது. இரண்டு ஆல்டோ சாக்ஸ், கூட ஏ. கன்யாகுமாரியின் வயலின். எந்த சாக்ஸ் யாருடையதுன்னு பேர் பாக்காமல் கண்டுபிடிக்க முடியுதான்னு பாருங்க. ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போனா கத்ரி.

இப்போதைக்குத் தள்ளி வைக்க வேண்டியது கோல்ட்ரேனின் 'ஜியான்ட் ஸ்டெப்ஸ்'. இதுவும் 1959-தான், 'கைண்ட் ஆஃப் ப்ளூ' முடிஞ்சு சில வாரத்தில் பதிவானது. தலைப்புப் பாட்டில் சுருதி ஏழு கட்டை, ஐந்து கட்டை, இரண்டரைக் கட்டை என்று மூணு இடத்துக்கு ஓடிக்கிட்டே இருக்கும், சில அடிக்கு ஒரு தடவை, அதுவும் அசுர வேகத்தில். பியானோ வாசிச்ச டாமி ஃப்ளானகன் தன் முறை வரும்போது திணறுவது ரெக்கார்டிலேயே கேக்கும், அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரே சுருதியில் ஊறின நம்ம காதுக்கு இங்கே பிடிமானமே கிடைக்காது. 'சோ வாட்'டின் அந்த அரைக் கட்டை ஏற்றம் தானா கேக்க ஆரம்பிச்ச பிறகு எடுங்க.