நடுக்கடலில் என்ஜின் நின்றால்? சிறிய படகுக்கு ‘ஸ்டெப்னி’ மோட்டார் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

ஆத்தூர் பக்கம் கிணற்றுப் பாசனம் செய்பவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது. மரவள்ளிக்கோ பாக்குக்கோ தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது கரன்ட் போய்விட்டால், கையில் இன்னொரு கரன்ட் மோட்டார் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. டீசல் என்ஜின்தான் கைகொடுக்கும். முதல் மோட்டார் எதனால் நின்றதோ, அதே காரணத்தால் இரண்டாவதும் நிற்கக் கூடாது. கடலில் மீன்பிடிக்கப் போகும் சிறிய படகுக்கு மாற்று என்ஜின் வாங்கும்போதும் இதுதான் அடிப்படை.

சேலம் மாவட்டத்தில் மேட்டூர் அணையில் பரிசலில் மீன் பிடிப்பவருக்குத் துடுப்பே போதும். கடலில் அப்படி இல்லை. 20 கி.மீ. உள்ளே போன ஃபைபர் படகில் வலை, ஐஸ், மீன், ஆட்கள் எல்லாம் சேர்ந்து டன் கணக்கில் எடை இருக்கும். எதிர்க்காற்றில் அதைத் துடுப்பு போட்டுக் கரைக்குக் கொண்டுவருவது நடக்காத காரியம்.

காற்று இழுத்துப் போகும் திசையும் ஆபத்தானது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், என்ஜின் நின்ற படகு கரையைவிட்டு வடகிழக்கே விலகிப் போகும். பாக் நீரிணையில் 1974-ல் இந்தியாவும் இலங்கையும் வகுத்துக்கொண்ட கடல் எல்லை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ராமேஸ்வரம் பகுதி மீனவருக்கு என்ஜின் கோளாறு என்பது செலவு வைக்கும் விஷயம் மட்டுமல்ல. எல்லை தாண்டிய வழக்கிலும் கொண்டுபோய் விடலாம்.

எத்தனை குதிரைத்திறன் தேவை?

மாற்று என்ஜினும் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அவசியமில்லை. சுமையோடு போகும் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டுதான் நகரும். அப்படி நகரும் 24 அடிப் படகு மணிக்குச் சுமார் 12 கி.மீ. வேகத்தைத் தொட்டதும், அது எழுப்பும் அலையே அதற்குத் தடையாகிவிடும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் திறனைப் பல மடங்கு கூட்ட வேண்டும். ஆனால், மாற்று என்ஜினின் வேலை வேகம் காட்டுவது இல்லை, மணிக்கு 8 அல்லது 9 கி.மீ. வேகத்தில் வீடு கொண்டுவந்து சேர்ப்பது. டன்னுக்கு 4 குதிரைத்திறன் என்று வைத்தால் ஓரளவு எதிர்க்காற்றையும் சமாளிக்கலாம். ஒன்றரை, இரண்டு டன் எடையுள்ள படகுக்கு 6 முதல் 8 குதிரைத்திறன் சரியாக இருக்கும்.

எடையையும் பார்க்க வேண்டும். 8 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் என்ஜின் சுமார் 27 கிலோ. அதே திறனுள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் 40 கிலோவை நெருங்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் எரிபொருளை மிச்சப்படுத்தும், சத்தமும் புகையும் குறைவு. ஆனால், ஆடும் படகில் தூக்கி மாட்ட வேண்டிய என்ஜின் என்றால், எப்போதாவது ஓடப்போகும் என்ஜின் என்றால், எடை குறைந்ததே வசதி.

தண்டு நீளம் முக்கியம்

அவுட்போர்டு என்ஜின்கள் பெரும்பாலும் இரண்டு அளவுகளில் வரும். 15 அங்குலத்துக்கானது குட்டைத் தண்டு, 20 அங்குலத்துக்கானது நீளத் தண்டு. படகின் பின்பலகை உயரத்தை அளந்து பார்க்காமல் மலிவாகக் கிடைக்கிறது என்று குட்டைத் தண்டு வாங்கினால், அலையில் படகின் பின்பக்கம் எழும்பும்போதெல்லாம் புரொப்பெல்லர் தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடும். என்ஜின் அலறும், படகு நகராது. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். சுமை இழுக்கும் படகுக்குச் சுழற்சிக்கோணம் குறைந்த புரொப்பெல்லரைக் கேட்டு வாங்குவது நல்லது.

டேங்க் தனியாக இருக்கட்டும்

நடுக்கடலில் என்ஜின் நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது எரிபொருளில் கலந்த தண்ணீரும் தூசியும்தான். இரண்டு என்ஜினுக்கும் ஒரே டேங்க் என்றால், முதல் என்ஜினை நிறுத்திய தண்ணீரே இரண்டாவதையும் நிறுத்தும். மாற்று என்ஜினுக்குத் தனி கேன், தனி ஹோஸ், தனி ஃபில்டர் வேண்டும். பேட்டரியை நம்பாமல் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மாடலாகவும் இருக்க வேண்டும்.

நீளத் தண்டு டீசல் என்ஜின் ஓடும் படகில் பெட்ரோல் அவுட்போர்டை மாற்றாக வைத்தால், எரிபொருள் தானாகவே வேறாகிவிடும். மண்ணெண்ணெய் அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் அதே கம்பெனியில் சிறிய மாடலை வாங்குவது உண்டு. கரையில் அதே மெக்கானிக், அதே கடை உதிரிப்பாகம் என்பதால் அதுவும் சரிதான். டேங்க் மட்டும் தனியாக இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் என்ஜினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்துதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும் என்பதால், மாற்று என்ஜினுக்கும் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் படகில் இருந்தாக வேண்டும்.

எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 8 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் குடிக்கும். 20 கி.மீ. திரும்பி வர இரண்டரை மணி நேரம் என்றால் 10 லிட்டர். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் சேர்த்து 15 லிட்டர் வைத்திருப்பது பாதுகாப்பு.

வாரம் ஒருமுறை ஓடட்டும்

ஆறு மாதம் சும்மா கிடந்த என்ஜின் ஆபத்து நேரத்தில் ஸ்டார்ட் ஆகும் என்று நம்ப முடியாது. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசின் மாதிரி படியும். அதனால் கேனில் உள்ளதை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி, பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், ஷியர் பின், ஸ்டார்ட்டர் கயிறு ஆகியவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் படகிலேயே இருக்கட்டும்.

இரண்டு என்ஜினும் கைவிட்டால்? நங்கூரம் எட்டும் ஆழமாக இருந்தால் உடனே போட்டு, படகு இழுத்துப் போகாமல் தடுக்க வேண்டும். போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 அல்லது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணை அழைக்கலாம். சிக்னல் இல்லாத தூரத்தில் வி.ஹெச்.எஃப். ரேடியோவின் 16-வது சேனல்தான் வழி.

இவ்வளவுக்கும் பணம் இல்லை என்பவர்கள் முதலில் தனி கேனையும் நல்ல ஃபில்டரையும் வாங்கலாம். என்ஜினைவிட அதற்குச் செலவு மிகக் குறைவு. இப்போதிருக்கும் என்ஜின் நடுக்கடலில் நிற்காமல் இருக்கவும் அது உதவும்.