பாம்புக்கும் பட்டாவுக்கும் நடுவே

சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் பெருஞ்சாலையில் பாடியைக் கடந்ததும் வருவது மண்ணூர்பேட்டை. பக்கத்தில் 1964-ம் வருஷத்தில் ஏற்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டை; சற்றுத் தூரத்தில் கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும். இந்த ஏரிகள் ஒரு காலத்தில் நெல் வயல்களுக்குப் பாய்ந்தவை. வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தும் விட்டது. பத்திரப் பதிவு எல்லாம் கிரமமாகவே நடந்தது. ஆனால் வயலில் குடியிருந்த எலிக்கும், அதைத் தின்று ஜீவித்த பாம்புக்கும் எவரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் அவை மேட்டைத் தேடிப் புறப்படுகின்றன. மேடு என்பது இப்போது நம் வீட்டு வாசற்படிதான்!

"பாம்பு!" என்று ஒரு கூச்சல் கேட்டதும் வீட்டு யஜமானர் முதலில் தேடுவது தடியை. அகப்படுவது பெரும்பாலும் சாரை. அல்லது தண்ணீர்ப் பாம்பு. இரண்டுக்கும் விஷம் கிடையாது. வீட்டைச் சுற்றி எலி பெருகாமல் காவல் செய்து வந்த சாரையை அடித்துப் போட்டுவிட்டு, மறு மாதம் எலிப் பாஷாணம் வாங்கக் கடைக்கு ஓடும் கனவான்களை நாம் அறிவோம். 1972-ம் வருஷத்து வன ஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டப்படி அந்த அடி குற்றம் என்பது அநேகருக்குத் தெரியாது. தீயணைப்புப் படைக்கோ வனத் துறைக்கோ சொல்லி அனுப்பிவிட்டு, எட்ட நின்று பாம்பின் மேல் கண் வைத்திருப்பதே அந்த வேளையில் வீட்டார் செய்யத் தக்கது.

மனிதருக்கும் பாம்புக்கும் இடையே மத்தியஸ்தம் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு ஜாதியார் நம் செங்கற்பட்டு, திருவள்ளூர்ச் சீமையிலேயே இருக்கிறார்கள். அவர்கள்தாம் இருளர். நிலச்சுவான்தாரின் வயலில் எலி வளையைத் தோண்டி எலியைப் பிடிப்பதும், வளைக்குள் அது சேர்த்து வைத்த நெல்லைத் தாம் எடுத்துக் கொள்வதும் அவர்களுடைய பழைய வழக்கம். துளையிட்ட மண் பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதி வளைக்குள் புகையை ஏற்றுவார்கள். ஊதுகிறவர் நெஞ்சிலும் அந்தப் புகை ஏறும். நிலத்துக்கு உடையவர் அதைக் கணக்கில் வைப்பதில்லை.

பாம்பு பிடிப்பதில் அவர்களுக்குள்ள சாஸ்திரம் இன்னும் நுட்பமானது. மணலில் விழுந்த தடம், எச்சம், உரித்த சட்டை இவற்றைக் கொண்டே எந்த வளையில் எந்தப் பாம்பு இருக்கிறது என்று ஊகித்து விடுகிறார்கள். ஆயுதம் ஒரு கடப்பாறை, ஒரு கழி, ஒரு துணிப் பை. அவ்வளவுதான்!

முன்னாளில் இந்த வித்தை தோல் வியாபாரத்துக்கு இரையாயிற்று. மேற்படி சட்டமும், 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் பாம்புகளைக் காப்பாற்றின. இருளர் குடிசையிலோ அடுப்பு அணைந்தது. அப்போது ரோமுலஸ் விட்டேக்கர் என்பவர் ஒரு யோசனை செய்தார். இவர் கிண்டியில் பாம்புப் பண்ணை அமைத்தவர். பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்றால் என்ன? 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணைக்குள் இருக்கிறது.

அங்கே வரிசையாக மண் பானைகள்; வாயைத் துணியால் கட்டியிருக்கும். உள்ளே நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வர். மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிப் பாத்திரத்தைக் கடிக்கச் செய்து விஷத்தை வாங்குகிறார்கள். சில வாரங்களில் நாலு தடவை வாங்கிய பின், வயிற்றுச் செதிளில் ஓர் அடையாளம் செய்து காட்டில் விட்டு விடுவார்கள். அதே பாம்பு உடனே மறுபடி அகப்பட்டால் அடையாளம் காட்டிக் கொடுத்துவிடும். உலர்த்திப் பொடியாக்கிய விஷம் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே குதிரைகளின் உடலில் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் ரத்தத்திலிருந்து விஷமுறி மருந்து தயாரிக்கிறார்கள்.

இது சிறிய காரியமல்ல. 2000 முதல் 2019 வரை நம் தேசத்தில் பாம்புக் கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் மாண்டிருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிடுகிறது. வருஷத்துக்கு 58,000! மாண்டவர்களில் மிகுதியானோர் கிராமத்து ஜனங்கள். கட்டு விரியன் கடித்தால் வலிகூடத் தெரியாமல், தூக்கத்திலேயே உயிர் போவதுண்டு. மந்திரமும் வேரும் அதன் முன் செல்லா. ஆஸ்பத்திரியும் விஷமுறியுமே கதி.

2017-ல் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்துச் சதுப்புக் காட்டில் பர்மா மலைப் பாம்புகள் பெருகி, முயலையும் மானையும் விழுங்கி வந்தன. அவற்றைத் தேடித் தேடி அலுத்த அந்நாட்டார், மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். இரண்டு வாரம் ஆவதற்குள் 13 மலைப் பாம்புகள் பிடிபட்டன. 2023-ல் நம் ஸர்க்கார் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது.

விருது கிடைத்தாலும், இருளர் தம் இஷ்டம்போல் ஒரு பாம்பைக்கூடச் சங்கத்துக்குப் பிடித்து வர முடியாது. எந்த ஜாதிப் பாம்பு எத்தனை என்று வனத் துறையின் உத்தரவு வரவேண்டும். உத்தரவு தாமதமானால் வடநெம்மேலிப் பானைகள் காலியாகக் கிடக்கும். கடப்பாறையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அங்கத்தினர்கள் அன்றாடக் கூலிக்குப் புறப்படுவார்கள்.