உயிர் காக்கும் ஒரு சொல்!

ஆபத்து வந்தால் நாம் என்ன சொல்லிக் கத்துகிறோம்? "ஐயோ!" என்கிறோம். "அம்மா!" என்கிறோம். வீடு தீப்பிடித்தால் "தீ! தீ!" என்று கூவுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் குடத்துடன் ஓடி வருகிறார்.

நடுக்கடலில் கப்பல் மூழ்கினால்? ஆகாயத்தில் விமானம் பழுதானால்? அங்கே பக்கத்து வீடு ஏது? குரலைக் கேட்பவர் வேறு நாட்டுக்காரராக இருப்பார். அவருடைய மொழி வேறாக இருக்கும்.

அதற்காகவே, எல்லா நாட்டாருக்கும் புரியும் சில அபயக் குரல்கள் இருக்கின்றன.

மூன்று புள்ளி, மூன்று கோடு

அவற்றில் ஒன்று "எஸ்.ஓ.எஸ்." 1906-ம் ஆண்டு பல நாட்டுப் பிரதிநிதிகள் பெர்லின் நகரில் கூடி இதை ஏற்றார்கள். தந்தியில் இது மூன்று புள்ளி, மூன்று கோடு, மறுபடியும் மூன்று புள்ளி. எவ்வளவு இரைச்சலிலும் காதுக்குத் தெளிவாகக் கேட்கும்.

"எங்கள் ஆத்மாக்களைக் காப்பாற்றுங்கள்" என்று இதற்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்வார்கள். அது பிறகு கட்டிய விளக்கம். உண்மையில் அந்த எழுத்துக்களுக்குப் பொருள் கிடையாது!

1912-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு "டைட்டானிக்" கப்பல் பனிப்பாறையில் மோதியது. தந்தி அதிகாரி ஜாக் பிலிப்ஸ் பழைய அபயக் குறியையும் அனுப்பினார், எஸ்.ஓ.எஸ்.ஸையும் அனுப்பினார். கப்பல் அமிழ்ந்துகொண்டிருந்தது. அவர் கை நிற்கவில்லை.

"கார்பேத்தியா" என்ற கப்பல் அந்தக் குரலைக் கேட்டு விரைந்து வந்தது. படகுகளில் தத்தளித்த 700-க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். சுமார் 1,500 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் பிலிப்சும் ஒருவர்.

"மேடே! மேடே! மேடே!"

பிறகு ரேடியோவில் வாயால் பேசும் காலம் வந்தது. பேச்சில் "எஸ்" என்ற எழுத்து தெளிவாகக் கேட்கவில்லை. வேறு சொல் வேண்டும் என்றார்கள்.

லண்டனுக்கு அருகே கிராய்டன் விமான நிலையத்தில் மாக்போர்டு என்ற ரேடியோ அதிகாரி இருந்தார். அங்கிருந்து நிறைய விமானங்கள் பாரிஸ் நகருக்குப் போய் வந்தன. ஆகவே இரு நாட்டாருக்கும் புரியும் சொல்லை அவர் தேடினார். "எனக்கு உதவுங்கள்" என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் உள்ள சொல்லின் ஒலியை எடுத்து "மேடே" என்றார். இது 1923-ம் ஆண்டு வாக்கில் நடந்தது. 1927-ல் வாஷிங்டன் மாநாட்டில் உலகமே அதை ஏற்றது.

ஏன் மூன்று முறை சொல்கிறார்கள்? வேறு பேச்சு என்று யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாது அல்லவா? அதற்காகத்தான்.

சொல்லாமல் விட்ட சொல்

1990-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி. கொலம்பியா நாட்டில் இருந்து ஒரு விமானம் நியூயார்க் நகருக்கு வந்தது. அதில் 158 பேர் இருந்தார்கள். நியூயார்க்கில் வானிலை மோசம். விமானம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே வட்டமிட்டுக் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது.

இறங்க முயன்றார்கள், முடியவில்லை. விமானம் மறுபடியும் மேலே ஏறியது. "நாம் ஆபத்தில் இருக்கிறோம் என்று சொல்" என்றார் விமானி. துணை விமானி ரேடியோவில் என்ன சொன்னார் தெரியுமா? "எரிபொருள் தீர்ந்துகொண்டு இருக்கிறது" என்றார். "ஆபத்து" என்று சொல்லவில்லை. "மேடே" என்றும் சொல்லவில்லை.

அவர் சொன்னது பொய் அல்ல. ஆனால் தரையில் இருந்த அதிகாரிகளுக்கு ஆபத்தின் கடுமை புரியவில்லை. மற்ற விமானங்களைப் போலவே அதையும் வரிசையில் விட்டார்கள். சிறிது நேரத்தில் என்ஜின்கள் நின்றன. விமானம் ஒரு மேட்டில் விழுந்து நொறுங்கியது. 73 பேர் பலியானார்கள்!

எரிபொருள் தீரும் நிலையில் விமானி சொல்ல வேண்டிய சொற்களை இப்போது விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். "மேடே" என்று மூன்று முறை சொல்லி, "எரிபொருள்" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் வீட்டில்...

"நமக்குக் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை" என்று நினைக்காதீர்கள். தாத்தாவுக்குத் திடீரென்று நெஞ்சு வலி வரலாம். குழந்தை கிணற்றடியில் வழுக்கி விழலாம். அப்போது 108-க்குப் போன் செய்கிறோம்.

"சீக்கிரம் வாங்க! சீக்கிரம் வாங்க!" என்று மட்டும் கத்தினால், வண்டி எங்கே வரும்? முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் கோவிலா, பள்ளிக்கூடமா? பிறகு, என்ன நடந்தது, எத்தனை பேருக்கு என்று சொல்லுங்கள். எதிரில் பேசுகிறவர் கேட்டு முடிக்கும் வரை போனை வைக்காதீர்கள்.

இன்னொன்று. விளையாட்டுக்கு அந்த எண்ணை அழைக்கக் கூடாது. "புலி வருது" கதை நமக்குத் தெரியாததா?

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் உங்கள் குழந்தையை அருகில் அழையுங்கள். "நம் வீட்டு விலாசம் என்ன?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் சொல்லிக் கொடுங்கள். ஒரு நாள், ஓர் உயிரைக் காக்கப் போவது அந்தச் சின்ன வாயில் இருந்து வரும் சொல்லாகவே இருக்கலாம்!