தலைச்சுற்றும் சமூகச் சூழலும்: உட்செவி நோயொன்றின் காரணிகள் பற்றிய சில குறிப்புகள்

படுக்கையிற் புரளும்பொழுதோ, அண்ணாந்து உயரத்திலுள்ள பொருளொன்றை எடுக்க முயலும்பொழுதோ, உலகமே சுழல்வது போன்ற உணர்வு சிலருக்கு ஏற்படுகின்றது. ஒரு நிமிடத்துள் அது தணிந்துவிடும். ஆயின், அதே அசைவில் மீண்டும் தோன்றும். நம்மவரிடையே இதனைப் 'பித்தம்' என்றோ 'நரம்புத் தளர்ச்சி' என்றோ கூறி அமைதி காண்பது வழக்கம். மருத்துவ நூலார் இதனைத் தீங்கற்ற நிலைசார் தலைச்சுற்று என்பர். இந்நோய்க்குரிய காரணிகளை ஆராயுமிடத்து உடலியலோடு மட்டும் நின்றுவிட முடியாது என்பதே எமது கருத்தாகும்.

உட்செவியிலுள்ள சிறுபையொன்றிற் கல்சியங் காபனேற்றாலான நுண்துகள்கள் உள்ளன. அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் கால்வாய்களுள், பெரும்பாலும் பிற்பக்கக் கால்வாயினுள், புகுந்துவிடின், தலையசையுந்தோறும் அங்குள்ள பாய்மத்தை அசைத்து மூளைக்குப் பொய்ச் செய்தியை அனுப்புகின்றன. 1921இல் றொபேர்ட் பாரானி இந்நோயை விவரித்தார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டபொழுது இவர் ரஷ்யாவிற் போர்க்கைதியாக இருந்தமை குறிப்பிடத்தக்கது. 1952இல் டிக்ஸ், ஹோல்பைக் என்னும் இருவர் நோயறியும் முறையினை வகுத்தனர்.

துகள்கள் ஏன் இடம்பெயர்கின்றன? பலரிடத்து வெளிப்படையான காரணம் காணப்படுவதில்லை. எனினும் முதுமை, தலையிற்பட்ட அடி, உட்செவி அழற்சி, ஒற்றைத் தலைவலி, நீண்டகாலப் படுக்கை, என்பின் அடர்த்தி குறைதல், விற்றமின் டி குறைபாடு என்பன ஆபத்துக் காரணிகளாகச் சுட்டப்பெறுகின்றன. ஆண்களிலும் பெண்களே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர். 2020இல் வெளியான தென்கொரிய ஆய்வொன்றில், விற்றமின் டி குறைந்தோருக்கு அதனையும் கல்சியத்தையும் வழங்கியபொழுது நோய் மீளத் தோன்றும் ஆண்டு வீதம் ஏறத்தாழ 24 சதவீதத்தாற் குறைந்தமை அறியப்பட்டது.

இப்பட்டியலை மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவையனைத்தும் தனிமனித உடலின் குறைகளாகவே தோன்றும். ஆயின், ஞாயிற்றொளி புகாத தொழிற்கூடத்திற் பகல் முழுதும் உழைக்கும் பெண்ணின் விற்றமின் குறைபாட்டை அவளது உழைப்பு நிலைமையினின்றும் பிரித்துணர முடியுமா? பாதுகாப்பற்ற சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளியின் நோய்க்கு அவன் தலைமட்டுமா காரணம்? வசதி படைத்தோரையும் இந்நோய் பீடிக்கின்றது என்பது உண்மையே. வர்க்கமே நோயை உண்டாக்குகிறது என நாம் வாதிடவில்லை. காரணிகள் சமூகத்திற் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதே நாம் வற்புறுத்துவது.

இன்னுமொன்று. இந்நோயைப் பெரும்பாலும் கட்டிலொன்றின் துணைகொண்டே அறியலாம். ஜோன் எப்லி வகுத்து 1992இல் வெளியிட்ட முறைப்படி, தலையை ஒழுங்குமுறையாகத் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கு மீட்கலாம். விலையுயர்ந்த பொறி எதுவும் வேண்டுவதில்லை. பயிற்சி பெற்ற கைகள் போதும். அவ்வாறிருந்தும், 'வயதானால் அப்படித்தான்' என்ற சொல்லோடு திருப்பியனுப்பப்படும் மூதாட்டி, விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தினால் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறாள். வெயிலும் நடையும் குறைய என்பு மேலும் நலிகின்றது. நோயின் விளைவே நோயின் காரணியாக மாறும் இவ்வியங்கியல் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

பேச்சுக் குழறல், கைகால் வலுவிழத்தல், இரட்டைப் பார்வை என்பன உடன்தோன்றின் அது வேறு நோயாகலாம். உடன் மருத்துவமனையை நாடல் வேண்டும். ஏனையோரைப் பொறுத்தவரை இங்குக் குறைவாயிருப்பது மருந்தன்று, அறிவின் பரவலே. அதனை மக்களிடம் கொண்டுசெல்லுதல் மருத்துவரது கடமை மட்டுமன்று, எழுதுவோர் கடமையுமாகும்.